அடுத்தவர் விதிநூலை வைத்து ஆர்பிஜி புத்தகம் போடுவது எப்படி: உரிமம் பார்ப்பதிலிருந்து விற்பனை வரை

அறுபது பக்கம் எழுதி, படம் வாங்கி, பக்க வடிவமைப்பும் முடித்துவிட்டு, நாளைக்கு வெளியீடு என்கிற நிலையில் "இதுக்கு எந்த லைசென்ஸ் போடணும்?" என்று கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். என் முதல் பிடிஎஃபை நானும் அப்படித்தான் செய்தேன், அதனால் யாரையும் கிண்டல் செய்ய எனக்குத் தகுதி கிடையாது. எந்த மான்ஸ்டரை எழுதலாம், எந்த மந்திரத்தை எந்தப் பெயரில் சொல்லலாம், அட்டையில் என்ன அச்சிடலாம், எங்கே விற்கலாம் என எல்லாவற்றையும் தீர்மானிப்பது உரிமம்தான். எழுதி முடித்த பிறகு அதைத் தேடினால் எழுதியதில் பாதியை வெட்ட வேண்டி வரும்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பாத்ஃபைண்டர் மாதிரி ஏற்கெனவே இருக்கும் ஒரு டேபிள்டாப் ரோல்பிளேயிங் விளையாட்டின் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடுவது, சுருக்கமாக ஆர்பிஜி) விதிகளை எடுத்து, ஒரு சாகசமோ, மான்ஸ்டர் தொகுப்போ, புது விளையாட்டோ எழுதி வெளியிட நினைப்பவர்களுக்கு இந்தக் குறிப்புகள். வரிசை முக்கியம், தாண்டிப் போகாதீர்கள். நான் வக்கீல் இல்லை. பெரிய தொகை புழங்கப் போகிறது என்றால் கடைசியில் ஒரு வக்கீலிடமும் காட்டிவிடுங்கள்.

1. தொடங்கும் முன் மேசையில் என்ன இருக்க வேண்டும்

மூன்று பொருள் போதும். நீங்கள் பயன்படுத்தப் போகும் விளையாட்டின் எஸ்ஆர்டி, அதாவது பதிப்பாளர் "இதை எடுத்துக்கொள்ளலாம்" என்று வெளியிட்ட விதித் தொகுப்பு, அதன் அசல் பிடிஎஃப். அது எந்த உரிமத்தில் வந்திருக்கிறதோ அந்த உரிமத்தின் முழு வாசகம். அப்புறம் ஒரு காலி எக்செல் தாள்.

மேசையில் இருக்கக் கூடாதது: நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பிளேயர்ஸ் ஹேண்ட்புக், அதாவது ஆடுகிறவர்களுக்கான விதிநூல். அது விளையாடுவதற்கு. எழுதும்போது அது பக்கத்தில் திறந்து கிடந்தால் அதில் இருப்பதெல்லாம் எஸ்ஆர்டியிலும் இருக்கும் என்று கை நம்பிவிடும், தெரியாமலே உள்ளே வந்துவிடும். விக்கிகளும் அப்படித்தான். ரசிகர்கள் தொகுத்த தளங்களில் திறந்த பகுதியும் மூடிய பகுதியும் ஒன்றாகக் கலந்து கிடக்கும், எது எது என்று அங்கே யாரும் குறித்து வைப்பதில்லை.

2. எதைக் கடன் வாங்குகிறீர்கள் என்று ஒரே வரியில் எழுதுங்கள்

இதைச் செய்யாமல் உரிமம் தேர்ந்தெடுக்கவே முடியாது. பொதுவாக மூன்றில் ஒன்றாக இருக்கும். முதலாவது, உங்கள் சாகசம் முழுக்க உங்களுடையது, அந்த விளையாட்டோடு ஒத்துப்போனால் போதும். இரண்டாவது, மந்திர விளக்கம், மான்ஸ்டரின் ஸ்டாட் பிளாக் (அதன் பலம், தாக்குதல் எண்களின் பட்டியல்) என அவர்களுடைய வாசகத்தையே எடுத்துப் போடப் போகிறீர்கள். மூன்றாவது, அந்த இயந்திரத்தை மட்டும் கழற்றி எடுத்து அதன் மேல் புது விளையாட்டு கட்டப் போகிறீர்கள்.

ஏன் பிரிக்க வேண்டும் என்றால், அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் ஒரு விளையாட்டு எப்படி ஓடுகிறது என்ற முறையைப் பாதுகாப்பதில்லை, அதைச் சொன்ன வாசகத்தையும் படத்தையும்தான் பாதுகாக்கிறது. இருபது முகப் பகடையை உருட்டி ஒரு எண்ணைக் கூட்டுவது யாருக்கும் சொந்தமில்லை. அந்தக் கூட்டலை விளக்கும் பத்தி ஒருவருக்குச் சொந்தம். "அப்படியென்றால் உரிமமே வேண்டாமே, என் வார்த்தையில் எழுதிவிடுகிறேன்" என்று இந்த இடத்தில் ஒருவர் கட்டாயம் கேட்பார். முதல் வகைக்குப் பல நேரம் அது சரிதான். ஆனால் முறை எங்கே முடிகிறது, வாசகம் எங்கே தொடங்குகிறது என்ற கோடு மந்திரப் பட்டியலும் (போர்வீரன், மந்திரவாதி மாதிரியான) கதாபாத்திர வகுப்புகளும் வரும்போது மங்கிவிடும், அந்த மங்கலான இடத்தில் நின்று வாதாட உங்களிடமும் என்னிடமும் காசு இல்லை. உரிமத்தின் மதிப்பு அந்த இடத்தில்தான். சண்டையே வராத ஒரு பகுதியை அது கோடு போட்டுக் காட்டுகிறது.

3. எஸ்ஆர்டியின் எண்ணைப் பாருங்கள், உள்ளடக்கத்தையும் பாருங்கள்

டி அண்ட் டி ஐந்தாம் பதிப்புக்கு இப்போது புழக்கத்தில் இருப்பவை இரண்டு. 2016-இல் வந்த 5.1, அப்புறம் 2025 ஏப்ரலில் வந்த 5.2 (அடுத்த மாதமே சிறு திருத்தங்களோடு 5.2.1). பழைய 3.5 பதிப்புக்கு வேறொரு எஸ்ஆர்டி இருக்கிறது, அதன் உரிமமும் வேறு. "டி அண்ட் டி எஸ்ஆர்டி" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள், எண்ணோடு சொல்லிப் பழகுங்கள். பின்னால் உரிமப் பக்கத்தில் அந்த எண்தான் அச்சாகும்.

எஸ்ஆர்டி என்பது விதிநூலின் இலவசப் பிரதி என்று நினைப்பதுதான் புதியவர்கள் சறுக்கும் முதல் இடம். 5.1-இல் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரே ஒரு உட்பிரிவுதான் உண்டு. பேக்கிரவுண்ட், அதாவது பாத்திரத்தின் பின்னணி, ஒன்றே ஒன்று, அகோலைட். ஃபீட், அதாவது தனித்திறன், ஒன்றே ஒன்று, கிராப்லர். மிச்சமெல்லாம் புத்தகத்தில் உண்டு, எஸ்ஆர்டியில் கிடையாது, ஆகவே உங்களுக்கும் கிடையாது.

மந்திரங்களின் பெயர்களும் மாறியிருக்கும். புத்தகத்தில் பிக்பி, தாஷா, மெல்ஃப், மோர்டன்கைனன் என்று ஒரு மந்திரவாதியின் பெயரோடு வருவதெல்லாம் எஸ்ஆர்டியில் பெயர் கழற்றப்பட்டுத்தான் இருக்கும். பிக்பிஸ் ஹேண்ட் அங்கே ஆர்கேன் ஹேண்ட், மெல்ஃப்ஸ் ஆசிட் ஆரோ வெறும் ஆசிட் ஆரோ. மந்திரம் திறந்தது, ஆள் பெயர் திறக்கப்படவில்லை. ஞாபகத்திலிருந்து எழுதினால் புத்தகப் பெயர்தான் கையில் வரும், அதனால் ஒவ்வொரு மந்திரத்தையும் எஸ்ஆர்டியில் தேடி அங்கிருந்து நகலெடுங்கள்.

மான்ஸ்டரிலும் இதே கதை. பிஹோல்டர், மைண்ட் ஃபிளேயர், டிஸ்பிளேசர் பீஸ்ட், கித்யாங்கி, யுவான்-டி எல்லாம் ஓஜிஎல் (ஓப்பன் கேம் லைசென்ஸ், அடுத்த படியில் வரும்) உரிமத்தில் வந்த எஸ்ஆர்டிகளில் பெயர் சொல்லியே விலக்கப்பட்டவை. "பெயரை மாற்றிவிட்டு அதே உருவத்தை வைத்துக்கொள்கிறேன்" என்று ஒரு நண்பர் மிதக்கும் கோளம், நடுவில் ஒரு பெரிய கண், தலையில் பத்துக் கண்காம்பு, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கதிர் என்று எழுதிக் கொண்டுவந்தார். பெயர் மட்டும்தான் மாறியிருந்தது. முழுசாக வேறு ஒன்றைக் கற்பனை செய்யுங்கள், அதற்காகத்தானே எழுத வந்தோம்.

4. உரிமத்தைத் தேர்ந்தெடுங்கள்

இங்கே அவசரப்படாதீர்கள், மற்ற எல்லாப் படிகளும் இதைத் தொங்கிக்கொண்டுதான் நிற்கின்றன. ஒவ்வொரு உரிமத்தையும் படிக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இதைத் திரும்பப் பெற முடியுமா? நான் எழுதிய புது விதிகளையும் நான் திறந்துவிட வேண்டுமா? அட்டையில் ஒத்துப்போகும் விளையாட்டின் பெயரைச் சொல்ல விடுகிறதா?

பதிப்பாளர்கள் தர்மத்துக்காக இதைத் திறந்து வைக்கவில்லை என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2000-ஆம் ஆண்டில் டி அண்ட் டியின் பதிப்பாளரான விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் ஓஜிஎல் உரிமத்தை வெளியிட்டபோது அதற்குப் பின்னால் நின்ற ரயன் டான்சியின் கணக்கு எளிமையானது: துணைநூல்களை அடுத்தவர்கள் எழுதட்டும், எல்லாருக்கும் தேவைப்படும் அடிப்படை விதிநூல் நம்மிடம் விற்கும். கணக்கு பலித்தது. ஆனால் 2008-இல் நான்காம் பதிப்புக்கு ஜிஎஸ்எல் என்ற இறுக்கமான உரிமத்தைக் கொண்டுவந்தபோது, பைசோ நிறுவனம் பழைய 3.5 எஸ்ஆர்டியிலேயே தங்கி, 2009-இல் பாத்ஃபைண்டரை அதன் மேலேயே கட்டிவிட்டது. தான் வெட்டிய கிணற்றில் அடுத்தவர் ஏற்றம் போட்ட கதை. ஒவ்வொரு உரிமமும் ஒரு பதிப்பாளர் தன் பக்கம் ஆள் சேர்க்க வீசும் கயிறு, அந்தக் கயிற்றின் மறுமுனை எங்கே கட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பிடியுங்கள்.

ஓஜிஎல் 1.0a. பழைய 3.5, பாத்ஃபைண்டர் முதல் பதிப்பு ஆகியவற்றை எடுக்க வேண்டுமென்றால் இதைத்தான் பிடிக்க வேண்டும். இதில் "நிரந்தர" என்ற சொல் இருக்கிறது, "திரும்பப் பெற முடியாத" என்ற சொல் இல்லை. அந்த ஒரு சொல் இல்லாததன் விலை 2023 ஜனவரியில் தெரிந்தது. உரிமத்தில் "அங்கீகரிக்கப்பட்ட எந்தப் பதிப்பையும் பயன்படுத்தலாம்" என்று ஒரு வரி உண்டு, கசிந்த 1.1 வரைவு அந்த வரியைப் பிடித்துக்கொண்டு பழைய 1.0a இனி அங்கீகரிக்கப்பட்டதல்ல என்று சொல்லப் பார்த்தது, கூடவே ஆண்டு வருவாய் 7,50,000 டாலரைத் தாண்டினால் தாண்டிய பகுதியில் 25 சதவீதம் வரை பங்கு கேட்டது. எதிர்ப்பு பெரிதாக எழுந்தது, நிறுவனம் பின்வாங்கியது, 1.0a அப்படியே இருக்கிறது. இருந்தாலும் வேறு வழி இருக்கும்போது புதுப் புத்தகத்துக்கு நான் இதைத் தேர்ந்தெடுப்பதில்லை.

சிசி பை 4.0. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். 2023 ஜனவரி 27 அன்று எஸ்ஆர்டி 5.1 முழுவதும் இதில் வந்தது, 5.2-உம் இதில்தான். திரும்பப் பெற முடியாது என்று வாசகத்திலேயே இருக்கிறது, உரிமத்தை எழுதியது விளையாட்டு நிறுவனம் அல்ல என்பதால் அடுத்த ஆண்டு "புதிய பதிப்பு" என்று சொல்லி மாற்றவும் அவர்களால் முடியாது. மூலத்தைக் குறிப்பிட வேண்டும், மாற்றம் செய்ததைச் சொல்ல வேண்டும், நீங்கள் புதிதாக எழுதியதைத் திறக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எவில் ஹாட் நிறுவனத்தின் ஃபேட் விளையாட்டு, பிளேட்ஸ் இன் தி டார்க் விளையாட்டின் எஸ்ஆர்டி ஆகியவையும் கிரியேட்டிவ் காமன்ஸில்தான், ஆனால் 3.0 பதிப்பில். எண்ணைக் கவனியுங்கள். முதல் புத்தகம் எழுதுகிறவருக்கு என் சிபாரிசு இதுதான்.

ஓஆர்சி. அந்த ஜனவரிக் கலவரத்தின்போது பைசோ அறிவித்து, அஸோரா லா என்ற சட்ட நிறுவனம் எழுதி, 2023 ஜூன் இறுதியில் முடிவான வடிவில் வந்த உரிமம். இதையும் திரும்பப் பெற முடியாது. வித்தியாசம் இரண்டாம் கேள்வியில் இருக்கிறது: நீங்கள் புதிதாக எழுதும் விளையாட்டு விதிகள் தானாகவே திறந்தவையாகிவிடும், வேண்டாம் என்று விலக்கி வைக்க முடியாது. கதை, பாத்திரப் பெயர், உலகம், படம் உங்களுக்கே இருக்கும். புதுமையான ஒரு போர்முறையை உருவாக்கி அதையே விற்பனைச் சரக்காக நினைப்பவருக்கு இது பொருந்தாது. எல்லாரும் ஒரே குளத்தில் விதிகளைப் போட்டு எடுக்கட்டும் என்று நினைப்பவருக்கு இது மிக நல்லது.

நிறுவனங்களின் சொந்த உரிமங்கள். டேகர்ஹார்ட் விளையாட்டுக்கு டாரிங்டன் பிரஸ் ஒன்று வைத்திருக்கிறது, டிரா ஸ்டீல் விளையாட்டுக்கு எம்சிடிஎம் ஒன்று வைத்திருக்கிறது. "திறந்த" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாமல், அந்த நிறுவனம் உரிமத்தின் நிபந்தனைகளை மாற்றும் உரிமையைத் தன்னிடமே வைத்திருக்கிறதா என்ற வரியை மட்டும் முதலில் தேடிப் படியுங்கள்.

இந்தப் படியில் அடிக்கடி நடக்கும் தப்பு கலப்படம். ஓஜிஎல்லில் வந்த அடுத்தவர் பொருளை எடுத்து ஓஆர்சி புத்தகத்துக்குள் வைக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை, அதை எழுதியவருக்குத்தான் உண்டு. பாத்ஃபைண்டரில் இது நிறையப் பேரைக் கவிழ்க்கிறது: இரண்டாம் பதிப்பின் பழைய நூல்கள் ஓஜிஎல், 2023 நவம்பரில் தொடங்கிய ரீமாஸ்டர் நூல்கள் ஓஆர்சி. அந்த மாற்றத்துக்காகப் பைசோவே குணநெறிப் பிரிவுகளை, அதாவது அலைன்மென்டை, மொத்தமாக எடுத்துவிட்டது, மேஜிக் மிசைல் மந்திரத்தை ஃபோர்ஸ் பேரேஜ் என்று பெயர் மாற்றியது. உரிமத்தைப் பிற்பாடு மாற்றுவது எவ்வளவு வேலை என்று அதைப் பார்த்தே புரிந்துகொள்ளலாம், அவர்களிடம் அதற்கு ஆட்கள் இருந்தார்கள், உங்களிடம் நீங்கள் மட்டும்தான். முதல் புத்தகத்தில் ஒரே உரிமம், முடிந்தால் ஒரே எஸ்ஆர்டி.

5. எக்செல் தாளைத் திறந்து வையுங்கள்

ஒவ்வொரு கடனுக்கும் ஒரு வரி. என்ன எடுத்தேன், எந்த ஆவணம், எந்த எண், எந்தப் பக்கம், எந்த உரிமம், அப்படியே வைத்தேனா மாற்றினேனா. எழுதும் அன்றே நிரப்புங்கள்.

அலுப்பான வேலைதான். நான் இதைச் செய்யாமல் என்ன ஆனது என்று சொல்கிறேன். என் முதல் பிடிஎஃபில் ஒரு சதுப்புநில மான்ஸ்டர் இருந்தது, எஸ்ஆர்டியிலிருந்து எடுத்ததாகவே நம்பினேன். வெளியிட்டு மூன்றாம் நாள் ஒருவர் எழுதினார், அது அவர் தன் தொகுப்பில் ஓஜிஎல்லில் வெளியிட்டது, என் பின்பக்கத்தில் அவர் நூலின் பெயரே இல்லை. மரியாதையாகத்தான் எழுதினார், எனக்குத்தான் காது சுட்டது. எங்கிருந்து எடுத்தேன் என்று தேடியதில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது, எங்கோ ஒரு விக்கி. ஒரு வரி எழுதி வைத்திருந்தால் அந்த ஞாயிறு மிஞ்சியிருக்கும்.

ஓஜிஎல்லில் இந்தக் கணக்கு இன்னும் கட்டாயம். அதன் 15-ஆம் பிரிவு ஒரு சங்கிலி: நீங்கள் எடுத்த நூலின் 15-ஆம் பிரிவில் உள்ள எல்லா வரிகளையும் அப்படியே கொண்டுவந்து, கடைசியில் உங்கள் நூலின் வரியைச் சேர்க்க வேண்டும். நாலு நூலிலிருந்து எடுத்தால் நாலு சங்கிலி. எதை விட்டாலும் அது உரிம மீறல்.

6. உங்களுடையது எது, திறந்தது எது என்று கோடு போடுங்கள்

எழுத்து வேலை முடிந்து பக்க வடிவமைப்புக்குப் போகும் முன் இதைச் செய்யுங்கள், ஏனென்றால் சில நேரம் கோடு என்பது நிஜமாகவே பக்கத்தில் தெரிய வேண்டிய கோடு. ஓஜிஎல்லில் எது திறந்த பகுதி என்று தெளிவாகக் குறிக்க வேண்டும். பெட்டிக்குள் போடுவது, பின்னிணைப்பில் ஒதுக்குவது, "எல்லா ஸ்டாட் பிளாக்குகளும் திறந்தவை" என்று ஒரு வாக்கியம் எழுதுவது, எதுவாக இருந்தாலும் படிப்பவருக்குச் சந்தேகம் வரக்கூடாது.

சிசி பை என்றால் கோடு போடுவது கட்டாயமில்லை, ஆனால் போட்டுவிடுங்கள். கோடு இல்லாமல் புத்தகம் மொத்தத்துக்கும் "அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை" என்று அச்சிடுவது நிறையப் பேர் செய்யும் காரியம். எஸ்ஆர்டி வாசகத்தின் மேல் அப்படி ஒரு பூட்டு போட உங்களுக்கு உரிமை இல்லை. "எஸ்ஆர்டியிலிருந்து எடுத்த பகுதிகள் தவிர மற்றவை ஆசிரியருக்குச் சொந்தம்" என்று எழுதினால் போதும். எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு: உற்சாகத்தில் புத்தகம் முழுவதையும் சிசி பையில் விட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்துத் தன் உலகத்தையும் கதாநாயகியையும் அடுத்தவர் பயன்படுத்துவதைப் பார்த்து வருந்துவது. திரும்பப் பெற முடியாது என்பது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

7. தலைப்பும் அட்டையும்

உள்ளே இருக்கும் வாசகத்துக்கு உரிமம் கிடைத்துவிட்டதால் பெயரும் கிடைத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பெயர், லோகோ எல்லாம் டிரேட்மார்க், அது தனிச் சட்டம். கிரியேட்டிவ் காமன்ஸ் அதைத் தொடுவதே இல்லை என்று தானே சொல்லிவிடுகிறது.

ஐந்தாம் பதிப்புக்கு என்றால் எஸ்ஆர்டியின் முதல் பக்கத்திலேயே வழி சொல்லியிருக்கிறார்கள். "ஃபைஃப்த் எடிஷனோடு ஒத்துப்போகும்" அல்லது "5ஈ கம்பாட்டிபிள்" என்று போடலாம். டி அண்ட் டி என்ற பெயரை அட்டையில் பெரிதாக அடிப்பதும், டிராகன் சுற்றிய அந்த ஆம்பர்சண்ட் (&) குறியை ஒட்டுவதும் வேண்டாம். ஓஜிஎல்லில் இது இன்னும் கடுமை: சாதாரணச் சட்டத்தில் "இது இன்னதற்குப் பொருந்தும்" என்று உண்மையைச் சொல்ல ஓரளவு இடமுண்டு, ஆனால் ஓஜிஎல்லின் 7-ஆம் பிரிவை ஏற்கும்போது அந்த இடத்தையே நீங்கள் விட்டுக்கொடுக்கிறீர்கள். பாத்ஃபைண்டர் என்ற பெயரையும் பொருந்தும் என்ற லோகோவையும் போட, பைசோ தனியாக வைத்திருக்கும் ஒத்திசைவு உரிமத்தை ஏற்க வேண்டும்.

விற்பனைப் பக்க விவரம், டேக், விளம்பரப் படம் எல்லாவற்றுக்கும் இதே விதி. அட்டையில் கவனமாக இருந்துவிட்டு முகநூல் விளம்பரத்தில் லோகோவை ஒட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

8. உரிமப் பக்கத்தை எழுதுங்கள்

சிசி பை எஸ்ஆர்டி என்றால் வேலை பத்து நிமிடம். எஸ்ஆர்டியின் முதல் பக்கத்தில் மேற்கோளாகப் போட வேண்டிய வாசகத்தை அவர்களே கொடுத்திருக்கிறார்கள், அதை எழுத்துக்கு எழுத்து நகலெடுங்கள், இணைய முகவரிகளோடு. சுருக்காதீர்கள், அழகுபடுத்தாதீர்கள். அதற்கு மேல் விஸார்ட்ஸைப் பற்றி வேறு குறிப்பு சேர்க்க வேண்டாம் என்றும் அங்கேயே கேட்டிருக்கிறார்கள், நன்றிப் பட்டியலில் அவர்கள் பெயரைச் சேர்க்கும் பழக்கத்தை விடுங்கள். அடுத்து ஒரு வரி: எஸ்ஆர்டி வாசகம் மாற்றப்பட்டிருக்கிறது. 5.1 வாசகமும் 5.2 வாசகமும் வேறு வேறு, பழைய புத்தகத்தின் கோப்பை நகலெடுத்துப் புதியதைத் தொடங்கும்போது பழைய எண் அப்படியே தங்கிவிடும். இரண்டிலிருந்தும் எடுத்தால் இரண்டு வாசகமும் வேண்டும்.

ஓஜிஎல் என்றால் உரிமத்தின் முழு வாசகமும் புத்தகத்திலேயே அச்சாக வேண்டும், இணைப்புக் கொடுத்தால் போதாது. ஓஆர்சி என்றால் அறிவிப்பு துண்டு துண்டாக இருக்கும்: இது ஓஆர்சியில் வருகிறது என்ற அறிவிப்பு, யாரிடமிருந்து எடுத்தீர்கள், எதை உங்களுக்கென்று ஒதுக்கிக்கொள்கிறீர்கள், கூடுதலாக எதையாவது திறக்கிறீர்களா. முதல் மூன்றை வெறுமையாக விடாதீர்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சிசி பையில் மொழிபெயர்ப்புக்கும் அனுமதி உண்டு, எஸ்ஆர்டியைத் தமிழாக்கி விற்கக்கூட யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அந்த மேற்கோள் வாசகத்தை மட்டும் ஆங்கிலத்திலேயே வைத்து, கீழே வேண்டுமானால் தமிழில் விளக்கம் எழுதுங்கள். "மாற்றம் செய்யப்பட்டது" என்ற இடத்தில் "தமிழில் மொழிபெயர்க்கப்பட்டது" என்று தெளிவாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உங்கள் சொல்தேர்வில் உள்ள தவறு மூலத்தின் தவறாகத் தெரியும்.

9. படம், வரைபடம், எழுத்துரு

எஸ்ஆர்டி உங்களுக்குத் தருவது எழுத்தை மட்டும்தான். விதிநூலில் உள்ள ஒரு படமும் அதில் சேராது. வாங்கும் படங்களுக்கு ரசீதும் நிபந்தனையும் எக்செல் தாளில் தனித் தாளாகப் போகட்டும்; அச்சுக்கு அனுமதியா, பிடிஎஃபுக்கு மட்டுமா என்று பாருங்கள். தமிழ் எழுத்துருவுக்கு நோட்டோ, காட்டமரன் மாதிரி திறந்த உரிமத்தில் உள்ளவற்றை எடுத்தால் தொல்லையில்லை, இணையத்தில் கிடைத்த பெயர் தெரியாத எழுத்துருவை விற்பனை நூலில் போடாதீர்கள்.

10. எங்கே விற்பது

இதைக் கடைசியில் வைத்திருக்கிறேன், ஆனால் முடிவை நாலாம் படியோடு சேர்த்தே எடுத்திருக்க வேண்டும். ஏனென்றால் டிஎம்ஸ் கில்ட் என்ற கடை தனக்கென்று வேறு ஒப்பந்தம் வைத்திருக்கிறது. அங்கே விற்றால் எஸ்ஆர்டியில் இல்லாத விஷயங்களும் கிடைக்கும், ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் மாதிரி உலகங்களில் கதை எழுதலாம், டி அண்ட் டி ரசிகர்கள் நேராக அங்கேதான் வந்து தேடுகிறார்கள். பதிலுக்கு விலையில் 50 சதவீதம்தான் உங்களுக்கு, அந்த நூலை வேறெங்கும் விற்க முடியாது, நீங்கள் படைத்ததை அங்கே எழுதும் மற்றவர்களும் பயன்படுத்தலாம். அங்கே போட்டுவிட்டு, விற்கவில்லை என்றதும் உலகத்தின் பெயரை மட்டும் அழித்துவிட்டு வேறு கடைக்குக் கொண்டுபோகலாம் என்று நினைப்பவர்கள் அந்த ஒப்பந்தத்தை மறுபடி படிக்க வேண்டும்.

திறந்த உரிமத்தில் எழுதிய நூலை எங்கே வேண்டுமானாலும் விற்கலாம். டிரைவ்த்ருஆர்பிஜி என்ற இணையக் கடையில், மற்ற கடைகளிலும் விற்கிறேன் என்றால் உங்களுக்கு 65 சதவீதம், இங்கே மட்டும் என்றால் 70. இட்ச் (itch.io) என்ற தளத்தில் கடைக்கு எவ்வளவு என்று நீங்களே வைக்கலாம், மாற்றாமல் விட்டால் 10 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் இட்ச்சில் கூட்டத்தை நீங்கள்தான் கூட்டிவர வேண்டும். சதவீதத்தை மட்டும் பார்த்துக் கடை தேர்ந்தெடுக்காதீர்கள், உங்கள் விளையாட்டை ஆடுகிறவர்கள் எங்கே சுற்றுகிறார்கள் என்று பாருங்கள்.

11. வெளியிட்ட அன்றே ஒரு கோப்புறை

எஸ்ஆர்டி பிடிஎஃப், உரிம வாசகம், எக்செல் தாள், படங்களின் ரசீதுகள், வெளியிட்ட கோப்பு, எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரே இடத்தில் வையுங்கள். பதிப்பாளர் தளத்தில் இருக்கும் கோப்பு மாறலாம், நீங்கள் எந்த நாளில் எதை வைத்து எழுதினீர்கள் என்பதற்கு இதுதான் சாட்சி.

யாராவது குறை சொல்லி எழுதினால் பதறாதீர்கள், வாதாடவும் வேண்டாம். ஓஜிஎல் 1.0a, சிசி பை 4.0 இரண்டிலும் தவறு தெரியவந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமம் உங்களிடமே நிற்கும். சிசி 3.0-இல் அந்த அவகாசம் கிடையாது, ஃபேட்டோ பிளேட்ஸோ எடுத்தவர்கள் அன்றைக்கே திருத்துங்கள். விற்பனையை நிறுத்தி வையுங்கள், விடுபட்ட வரியைச் சேருங்கள், எடுக்க வேண்டியதை எடுங்கள், பதிப்பு எண்ணை 1.1 என்று மாற்றி ஏற்றுங்கள், ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் புதிய கோப்பு போய்ச் சேரும்படி பாருங்கள். எழுதியவருக்கு என்ன மாற்றினேன் என்று இரண்டு வரியில் பதில் போடுங்கள். அந்த சதுப்புநில மான்ஸ்டரின் சொந்தக்காரருக்கு நான் அப்படித்தான் எழுதினேன். அடுத்த நூலுக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுத்தவரும் அவர்தான்.